நாற்பத்தொரு கையெழுத்து

கையெழுத்து வாங்குவதில் தாராவியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு ஒரு செவ்வாய்க்கிழமையோடு போயிற்று.

படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் கல்லியில், அதாவது சந்தில், தண்ணீர்க் குழாய்க்கு நான்தான் செக்ரட்டரி. ரேஷன், கேஸ், வீட்டு சர்வே, எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். வாசல் வாசலாகப் போவேன். யாரும் படிக்க மாட்டார்கள். "எங்கக்கா போடணும்?" என்பார்கள். விரல் வைத்துக் காட்டுவேன்.

இதைப் பார்த்துத்தான் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைப் பிடித்தார். மாட்டுங்காத் தமிழர். சர்க்கரை நோய் முகாமுக்கு வந்தவர்.

"பேச்சியம்மா, அரசாங்கப் பணத்துல ஒரு ஆராய்ச்சி நடக்கப்போறது. அது ஜனங்களுக்கு நியாயமா நடக்குமான்னு பாக்க ஒரு கமிட்டி இருக்கு. டாக்டர் வக்கீல் தவிர, பொதுஜனம் ஒருத்தரும் அதுல இருக்கணும். வரேளா?"

"வாரேன்" என்றேன். (பிஸ்கட் உண்டு என்று நர்ஸ் சொல்லியிருந்தாள்.)

ஒரு கவர் வந்தது. உள்ளே தமிழில் ஒன்பது பக்கம். ஆராய்ச்சியில் சேரும் நோயாளிகள் கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் பத்திரம். உங்கள் ஜனங்களுக்குப் புரியுமா, பார்த்துச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா ஃபோனில் சொன்னார். முதல் பக்கத்தை எழுத்துக்கூட்டினேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இரண்டு கோடு. கீழே 'கையொப்பம்'. அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தேன். இரண்டு நாள். நாற்பத்தொரு கையெழுத்து. நூல் போட்டுக் கட்டினேன்.

"ஏட்டி, எதுக்கு இது?" என்றார் வீட்டுக்காரர்.

"சர்க்காரு காகிதம். போடுங்க."

போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கமிட்டி ஏசி ரூமில் கூடியது. தலைவர் வயதான மராத்திக்காரர். மேசைக் கோடியில் ஆராய்ச்சி செய்யப்போகிற இளம் டாக்டர், முலுண்டில் பிறந்த தமிழ்ப் பையன். கமிட்டி சரி என்றால்தான் அவர் வேலை தொடங்கும். பேச்சு இந்தியில் நடந்தது. தமிழில் சொல்கிறேன்.

"படிவம் எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

காகிதக் கட்டை மேசையில் வைத்தேன். "எல்லாரும் சம்மதம்."

வக்கீலம்மா ஒருவர் வாங்கிப் புரட்டினார்.

"இதுல எத்தனை பேருக்கு சர்க்கரை?"

"கேக்கல."

"இந்தக் கைநாட்டு ரொம்பச் சின்னதா இருக்கே?"

"மாரியோட பிள்ளை. ஒண்ணரை வயசு. அம்மா போடும்போது அவனும் வச்சான்."

"ஆராய்ச்சியாளர் கையொப்பம் போடுற இடத்துல யாரோ போட்டிருக்காரே?"

"அது எங்க வீட்டுக்காரரு."

முலுண்ட் டாக்டர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார். புரையேறியது.

தலைவர் சிரிக்கவில்லை. "பெஹன்ஜி, மாசா மாசம் ஊசி குத்தி ரத்தம் எடுப்பாங்க. ஒரு வருசம். மிச்ச ரத்தத்தை வச்சுக்குவாங்க. இந்த நாற்பத்தொரு பேருக்கும் அது தெரியுமா?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"இப்ப நீங்க சொல்லித்தான்."

என்னை வெளியே அனுப்புவார்கள். அனுப்பட்டும். ஆனால் என்னை நம்பிப் போட்டவர்கள் வாசலில் நாளை எவனாவது ஊசியோடு வந்து நின்றால்?

"இது செல்லாது" என்றார் தலைவர். மூச்சு வந்தது. பிறகு நான்காம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். 'உயிரியல் மாதிரிகளின் எஞ்சிய பகுதி பிற்கால ஆய்வுத் தேவைகளின் பொருட்டுப் பேணப்படும்.' பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். முலுண்ட் டாக்டருக்குத் தமிழ் வாசிக்கவே வராது. அவருடைய படிவம்தான்.

"வேற எழுதிக்கிட்டு வாங்க. இந்த அம்மாவுக்குப் புரிஞ்ச பிறகுதான் அனுமதி" என்று அவரிடம் சொன்ன தலைவர், கட்டை என் பக்கம் தள்ளினார். "இதை நீங்களே திருப்பிக் கொடுங்க. எதுக்குன்னும் சொல்லுங்க."

அதுதான் தண்டனை. மறுபடி வாசல் வாசலாக.

"ரத்தமா?" என்றாள் மாரி. "கக்கூஸ் கட்டுததுக்குன்னுல்லா நான் போட்டேன்."

தையல்காரர் காதர் பாய் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "எனக்குச் சர்க்கரையே இல்லியே. நீ கேட்ட, போட்டேன்."

எதிர்வீட்டுக்காரி, எனக்கு மயினி முறை, வாங்கவே இல்லை. "உன்னைச் செக்ரட்டரியில இருந்து தூக்குததுக்குன்னு நெனச்சுல்லா போட்டேன். அப்பம் அது நடக்காதா?"

இரண்டு மாதம் கழித்துப் புதுப் படிவம் வந்தது. இரண்டே பக்கம். 'மிச்ச ரத்தத்தை வைத்துக்கொள்வோம். வேண்டாம் என்றால் சொல்லுங்கள், வைத்தியம் நிற்காது.' புரிந்தது. சொன்னேன். ஆராய்ச்சிக்காரர்கள் கல்லிக்கு வந்து உட்கார்ந்து படித்துக் காட்டினார்கள். மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். சர்க்கார் காகிதத்துக்கு எங்கள் கல்லியில் ஒருவர் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது பாதிப் பேர் அந்தக் கல்லியில் இல்லை. மாரி கல்யாண் ஊரில் இருக்கிறாள். காதர் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தனை பேரும் ஒரே நூலில் கட்டிக் கிடந்தது அந்த இரண்டு நாள்தான். ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கலாம். (செல்லாத காகிதம்தானே, யார் கேட்கப்போகிறார்கள்?)

போன வருடம் மகளுக்கு ரிஜிஸ்டர் கல்யாணம். மாப்பிள்ளை பக்கத்துப் பேட்டை, லேபர் கேம்ப் பையன். என் கையெழுத்துக் கதை அங்கேயும் போயிருக்கிறது. கிளார்க் புத்தகத்தை நீட்டியதும் மாப்பிள்ளை பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அத்தே, ரத்தம் எடுப்பாவளா?"

வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "எடுப்பாவ மாப்ளே. மாசத்துக்கு ஒருக்கா இல்ல, தெனமும்."

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போட்டார். மகள் போடவில்லை. பின்னால் வரிசை நிற்க, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.