முதல் பந்தியில் பதினாலு யூனிட்

செஞ்சி பஜாரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கியவர்களுக்குக் கடைக்கார அரங்கநாதனை, அதாவது என்னை, தெரியும். சிங்கவரம் காதுகுத்துக்கு வந்தவர்களுக்கு என்னை இன்னும் நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கு நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் வாயால் கேட்டால், நான் அள்ளிய ஒரு கை கற்கண்டு ஒரு மூட்டை ஆகியிருக்கும்.

கால் கட்டைவிரல் புண் ஒன்று ஆறவே இல்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் மனைவி மங்கையைப் பார்த்தார். இனிமேல் மூன்று வேளையும் சாப்பாட்டோடு இன்சுலின் என்றார்.

"ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, சாப்பிடறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி போடணும். இன்னொண்ணு அதைவிட வேகம். முதல் வாய் வைக்கும்போது போட்டா போதும். எது வசதி?"

எனக்கு உடனே கணக்கு ஓடியது. முதல் வகை என்றால் வேளைக்குக் கால் மணி நேரம் மங்கையின் காவல். வேகமான வகை என்றால், பந்தியில் உட்கார்ந்து, ஜாங்கிரியை எண்ணி, அதற்குத் தக்கபடி நானே ஏற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

"வேகமானதே குடுங்க டாக்டர். பாவம், எனக்காக இவ அடுப்பாண்ட கடிகாரத்தப் பாத்துக்கினு நிக்க வேணாம்."

"சரி," என்றாள் மங்கை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"எட்டு யூனிட். நீங்களா ஏத்தக் கூடாது. சாப்பாடு கைக்கு வராம ஊசி போடவே கூடாது," என்றார் டாக்டர். தலையை ஆட்டினேன். அதில் எனக்கு நீண்ட அனுபவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மங்கையின் தங்கை நீலாவதியின் மகள் தமிழ்மொழிக்குக் காதுகுத்து. மங்கையின் பிறந்த வீட்டுக்கு நான் மூத்த மாப்பிள்ளை. கிளம்பும்போது மங்கை இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஒரு துணிப்பையை நீட்டினாள்.

"இன்னா இது?"

"ஊசிப் பை. நானே தச்சேன். பக்கவாட்டுல இன்னொரு ஜிப்பு இருக்குது, அதையும் தொறந்து பாருங்க."

"பாக்கறேன், பாக்கறேன்."

"எத்தினி யூனிட்டு?"

"எட்டு."

"ஜாங்கிரி?"

"அது இன்னா கலருன்னே மறந்துபோச்சு மங்கை."

சிரித்தாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன்.

சிங்கவரத்தில் பெண்கள் எல்லாம் வாசலில் நிற்க, நான் நைசாக முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன். இலை விழுந்தது. உப்பும் ஊறுகாயும் வந்தன. வரிசைக் கோடியில் ஜாங்கிரித் தட்டு தெரிந்தது. சோற்றுக்கு எட்டு. எந்தப் பந்தியிலும் என் கணக்கு மூன்று ஜாங்கிரி; அதற்கு ஆறு. தூண் பக்கம் திரும்பி, சட்டையைத் தூக்கி, பதினாலு போட்டுக்கொண்டேன்.

ஜாங்கிரி எனக்கு நான்கு இலை தள்ளி வந்தபோது நீலாவதியின் மாமனார் சுந்தரமூர்த்தி கையைத் தூக்கினார்.

"நிறுத்துப்பா. தாய்மாமன் சீரு வரல. அவங்க வராம யாரும் கை நனைக்கக் கூடாது."

தட்டு திரும்பிப் போனது. இந்த வழக்கம் எனக்குத் தெரியாததா? ஜாங்கிரி கண்ணை மறைத்துவிட்டது.

தாய்மாமன் என்றால் மங்கையின் தம்பி தேவேந்திரன். வல்லத்திலிருந்து டிராக்டரில் சீர் கொண்டு வருகிறான். தெருமுனைக்குத் தெருமுனை பேண்டு, ஆட்டம், வீடியோ. அரை மணி ஆயிற்று. எனக்கு வேர்த்தது. சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்தது. ஊறுகாயை நக்கிப் பார்த்தேன்.

"இன்னாண்ணா, இப்படி வேர்க்குது?" என்றார் பக்கத்து இலை தினேஷ்குமார்.

"புழுக்கம்," என்றேன். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்டால் ஏன் என்பார்கள். சொன்னால் மங்கை காதுக்குப் போகும். வெட்கம் வாயைக் கட்டிவிட்டது.

கடைசியில் பேண்டு சத்தம் வாசலுக்கு வந்தது. வரவேற்கப் போகிறவன் போல எழுந்து, தள்ளாடி நடந்தேன். முதல் தட்டு தேவேந்திரன் மனைவி வெண்மதியின் கையில். தட்டு நிறையக் கற்கண்டு. அவ்வளவுதான் தெரியும். ஒரு கை அள்ளி வாயில் போட்டு நறநறவென்று கடித்தேன்.

பேண்டு நின்றது. வீடியோக்காரன் மட்டும் நிறுத்தவில்லை.

"மூத்த மாப்ள, சீரு இன்னும் உள்ளயே வரல. அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்றார் சுந்தரமூர்த்தி. இருநூறு பேர் பார்த்தார்கள். வாய் நிறைந்த கற்கண்டை நான் இன்னும் கடித்துக்கொண்டிருந்தேன்.

மங்கை வந்தாள். "அவருக்கு சர்க்கரை இறங்கிடுச்சு மாமா, மன்னிச்சுக்குங்க," என்று எனக்காகக் கைகூப்பினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கைகூப்பலில் கூனிக் குறுகிப் போனேன். என்னை நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எப்போ போட்டீங்க?"

"இலை போட்டப்ப."

"அந்தப் பக்கத்து ஜிப்பத் தொறங்க."

திறந்தேன். ஒரு பொட்டலம் குளுக்கோஸ். காலையிலிருந்து என் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. அதன்மேல் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு:

"மூணு ஜாங்கிரிக்கும் சேத்துப் பதினாலு போட்டிருப்பீங்க. இதை உடனே கரைச்சுக் குடிச்சுட்டு சோறு சாப்பிடுங்க. ஜாங்கிரி மூணையும் நான் பாத்துக்கறேன்."