நகல்காரருக்கு ஒரு நகல்

மாலையில் எங்கள் தெருவில் மின்சாரம் சோர்ந்து படுத்ததற்குப் பொறுப்பு டெல்லியா, சென்னையா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பழனிசெட்டிபட்டியில் அது தெரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டு மாவு மில்காரர்தான். அவர் மனு ஐந்து வரி என்றால், அடியில் 'நகல்' என்று போடும் பட்டியல் பதினைந்து வரி. அதனால் ஊருக்கே அவர் 'நகல்காரர்'.

"நிலக்கரிக்கு ஒரு மந்திரி தாயி, கரண்டுக்கு வேற மந்திரி. காத்துக்கும் வெயிலுக்கும் தனி இலாகா. அணு உலை நேரா பிரதமர்ட்ட. கம்பியும் கம்பமும் சென்னை. பீஸ் போனா மட்டும்தான் நம்மூரு."

"அப்ப லோ வோல்டேஜ் யாருண்ணே?"

"அதத்தான் எல்லாருக்கும் எழுதிக் கேட்டிருக்கேன்."

ஒருநாள் மின் அலுவலக இன்ஜினியர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். "அண்ணே, ஆறு இடத்துக்கு எழுதுனீக. 'தக்க நடவடிக்கைக்கு'ன்னு ஆறும் எங்கிட்டயே வந்துருச்சு. மொதல்லயே எனக்கு எழுதியிருக்கலாம்ல?"

"எழுதுனா, உங்க அதிகாரத்துல இல்லம்பீகளே?"

"இப்பவும் இல்லண்ணே. புது டிரான்ஸ்பார்மருக்கு மேல எழுதியிருக்கேன்."

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. வீசிங். மாலை ஐந்தரைக்கு நெபுலைசர் வைக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து அது முனகும். மருந்துப் புகை வராது. குழந்தையின் விலா எலும்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். பிறகு ஒருநாள்தான் கவனித்தேன்: எதிரே மில் மோட்டார் ஓடும்போதெல்லாம் எங்கள் வீட்டு டியூப்லைட் துடித்தது.

மூன்று நாள் யோசித்து, இரண்டு முறை கிழித்து, கடைசியில் மில் மீதே மனு எழுதினேன். திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குக் கிளம்பும்போது வாசலில் அவரே மறித்தார்.

"என்ன தாயி, மனுவா? குடு."

கொடுத்தேன். முழுதும் படித்தார். முகம் மாறவில்லை. பேனாவை எடுத்தார்.

"என்ன தாயி, நகலே போடலையே?"

தன் மில் மீதான புகாரின் அடியில் தானே ஆறு இடத்துக்கு நகல் போட்டுக் கொடுத்தார். அன்று மாலை ஐந்தரைக்கு மில் நின்றது. மறுநாளும் நின்றது. "ஏலே, பாதி மாவுல நிறுத்துற?" என்று வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். "அரைமணி இருங்கய்யா, மனு நிலுவையில இருக்கு" என்றார்.

போன வருடம் நாங்கள் பெரியகுளம் வந்துவிட்டோம். இங்கே லைட் துடிப்பதில்லை. போன வாரம் போனில் கேட்டேன், "டிரான்ஸ்பார்மர் வந்துச்சாண்ணே?"

"மேல இருக்கு தாயி."

"இன்னுமா மில்லை நிறுத்துறீக? நாங்கதான் வந்துட்டோமே."

"ஒங்க வீட்டுக்குக் குடி வந்தவுகளுக்கும் கைக்குழந்தை இருக்கு. நம்மட்ட அரைக்கிற ஆளுகதான் வேற மில்லுக்குப் போயிட்டாக. அடுத்த மாசம் பூட்டிரலாம்னு இருக்கேன். பாப்பா நல்லா மூச்சு விடுதா?"

நன்றாகத்தான் விடுகிறாள். எனக்குத்தான் முட்டுகிறது. அந்த மனுவை நான் எழுதியிருக்கலாமா, கூடாதா? யாருக்கு எழுதினால் அந்தத் தெருவில் குழந்தையும் மூச்சுவிடும், மில்லும் ஓடும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்படியே மறக்காமல் அவருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அவருக்கு இதுவரை யாருமே அனுப்பியதில்லை.