சந்தாதாரர் வீட்டில் படம் ஓட வேண்டும்

பல்லாண்டுகளாக மண்ணுக்கடியில் பேச்சை மட்டும் சுமந்துகொண்டிருந்த செம்புக் கம்பிக்கு, மேற்படிப் பணியுடன் தொலைக்காட்சியையும் இணையத்தையும் சுமக்கும் கூடுதல் பொறுப்பை அளிப்பதெனத் தொலைபேசி இலாகா முடிவு செய்தது. கம்பியின் சம்மதம் கேட்கப்படவில்லை. புதிதாக ஓர் அங்குலக் கம்பியும் போடலாகாது என்பது நிபந்தனை.

"சந்தாதாரர் வீட்டில படம் ஓடணும்," என்றார் தலைமைப் பொறியாளர். "வாரக் கடைசிக்குள்ள ஓடலைன்னா உங்களுக்கு மலைக்கு அந்தப் பக்கம் மாற்றல்."

உதவிப் பொறியாளர் வீட்டை நினைத்துக்கொண்டார். மனைவிக்கு இந்த ஊரில்தான் பள்ளிக்கூட வேலை. மகளுக்கு இந்த ஆண்டு பொதுத்தேர்வு. போனால் அவர் மட்டும்தான் போக வேண்டும். வெந்நீர் வைக்கத் தெரியாத, தனியாகத் தூங்கப் பயப்படுகிற மனிதர், பாவம்.

முதல் இணைப்பு தையல்காரருக்கு. தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பின்சுவரை ஏறிக் குதித்தால் அவர் வீடு. கம்பியோ, முன்னொரு காலத்து அதிகாரி தம் புல்தரையைத் தோண்டக் கூடாதென்று சொல்லிவிட்டதால், ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு அங்கே போகிறது. அவ்வளவு தூரம் நடந்த படம் களைத்துப் போகாமல் என்ன செய்யும்?

"செய்தி வாசிக்கிற அம்மா நேத்து சாயங்காலம் 'நாளை மழை'ன்னாங்க," என்றார் தையல்காரர். "அதோட வாயைத் திறந்தபடி நிக்கிறாங்க. பெய்யுமா பெய்யாதான்னு சொல்லல. நான் துணியைக் காயப்போடறதா வேண்டாமா?"

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உதவிப் பொறியாளர் அதையே வெறித்தார். தூரத்தைக் குறைத்தாக வேண்டும். கம்பியைத் தொட அனுமதியில்லை. மிச்சமிருப்பது டிவி பெட்டி ஒன்றுதான். அதைத் தூக்கிவந்து, எக்ஸ்சேஞ்சில் கம்பி கிளம்புகிற இடத்திலேயே மாட்டினார். படம் பளிச்சென்று ஓடியது. மழை பெய்யாதாம்.

"சந்தாதாரர் வீட்டிலன்னு உத்தரவாச்சே?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அவர் இங்கதான் செருப்பைக் கழட்டிப்போட்டு உக்காந்திருக்கார் சார்."

தலைமைப் பொறியாளர் தாடையைத் தடவினார். மறுநாளே விளக்கச் சுற்றறிக்கை வந்தது: 'வீடு எனப்படுவது சந்தாதாரர் செருப்பைக் கழற்றும் இடம் எனப் பொருள் கொள்ளப்படும்.' திட்டம் மகத்தான வெற்றி. மாற்றல் நின்றது. உதவிப் பொறியாளர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு ஊரே பெட்டியும் நாற்காலியும் தலையணையுமாக எக்ஸ்சேஞ்சில் வந்து இறங்கியது. "உங்க டிவி எந்த வரிசையில?" என்று விசாரிப்பது நாகரிகமாயிற்று. இன்னும் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். இடநெருக்கடியை முன்னிட்டு, ஊழியர்கள் உள்ளே வராமல் அவரவர் வீட்டிலிருந்தே பணிபுரியுமாறு ஆணை பிறந்தது. உதவிப் பொறியாளரின் மனைவியும் மகளும் மூன்றாம் வரிசையில் நல்ல இடமாகப் பிடித்தார்கள். சாப்பாடு, படிப்பு, தூக்கம் எல்லாம் அங்கேயே.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க," என்றாள் அவள். "பெல் அடிச்சா இங்க படம் நின்னுடுது. தையல்காரர் முறைக்கிறார்."

"உங்களை விட்டுப் போகக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சேன்?"

"நீங்க எங்கயும் போகலையே. நாங்கதான் வந்துட்டோம்." குரலைத் தணித்துச் சொன்னாள்: "மாற்றலாகிப் போயிருந்தா லீவுக்காவது வந்து பாத்திருப்பீங்க."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

அன்றைய அலுவல் பாக்கி இருந்தது. சந்தாதாரர்களின் வீடுகளுக்கு போன் செய்து, சேவையில் குறையுண்டா என்று கேட்க வேண்டும். ஒவ்வொரு வீடாகப் போட்டார். எல்லா வீட்டிலும் மணி கணீரென்று அடித்தது. எடுக்கத்தான் ஆளில்லை.

'குறை ஏதும் தெரிவிக்கப்படவில்லை' என்று எல்லார் பெயருக்கும் நேரே எழுதினார்.