தாத்தா பேருக்கு ஒரு பரீட்சை

"தாமோதரா, கஞ்சி ஆறுதுடா" என்று கரையிலிருந்து அம்மா ராஜம்மா கூவினாள்.

பசியாவரம் பஞ்சாயத்துக் கொட்டகையில் நின்றிருந்த தாமோதரன் காதில் எதுவும் ஏறவில்லை. மழை வெறித்து, ஏரியில் இறால் ஓடும் நேரம் பார்த்து, வலை கட்டும் முறையான பாடு, சீட்டுக் குலுக்கலில் பங்காளி வேணுவுக்கு விழுந்திருந்தது.

"இவனுக்கு இன்னா பாத்தியதை? எங்க தாத்தா பாடு, அவரு ரத்தத்துக்குத்தான் வரும். தாத்தாவோட ரெண்டு புள்ளைல ஒண்ணு எடுத்து வளத்ததுனு ஊருக்கே தெரியும். அது இவன் நைனாதான்."

"உன் நைனாவா இருந்தா?" என்றான் வேணு.

"டேய், நாக்க அறுத்துடுவேன்."

தலைவர் வடிவேலு கையமர்த்தினார். "அத்தாட்சி இருக்கா?"

"பேரே அத்தாட்சி. எங்க வூட்ல தலைச்சன் புள்ளைக்குத் தாத்தா பேரு. அவரு தாமோதரன், நானும் தாமோதரன். இவன் வூட்ல எவன் இருக்கான்?"

"பொன்னேரில இருக்கற எங்கண்ணன் பேரு இன்னாவாம்?"

கூட்டம் சிரித்தது. அவித்த இறாலாகச் சிவந்தான் தாமோதரன். பேரம் படியாதவன் தராசைக் குறை சொல்வதுபோல வழக்கையே மாற்றினான்.

"பேர எவன் வேணா வெச்சிக்கலாம். மருமவ வாய்தான் பொய் சொல்லாது. எங்க வூட்டு மருமவ உசுரு போனாலும் மாமனார் பேரச் சொல்லமாட்டா. எவ கூசாம சொல்றாளோ, அவ புருசன் தாத்தா பெத்த புள்ள இல்ல. அந்த வூட்டுக்குப் பாடும் இல்ல."

"இதான் உன் பேச்சா? அப்பறம் மாத்தக்கூடாது" என்றார் தலைவர்.

"மாத்தினா என் வலைய கொளுத்துங்க. இவன் அம்மாவ கூப்புடுங்க."

வேணுவின் அம்மா வந்தாள்.

"சின்னம்மா, உன் பெரிய புள்ள பேரச் சொல்லு" என்றான் தாமோதரன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பெரியவன்னுதான் கூப்புடுவேன். அந்தப் பேர நான் எப்புடி நைனா சொல்றது?"

"நடிக்குது. எல்லாம் இவன் சொல்லிக் குடுத்தது." பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தான். அது மண்ணில் போய்க் கவிழ்ந்தது.

"டேய் தாமோதரா" என்று மறுபடி கரையிலிருந்து குரல் வந்தது. "எத்தினி வாட்டிடா கூவறது?"

"சும்மா கெடம்மா. இங்க வழக்கு நடக்குது."

நண்டு வாங்க வந்து, கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மார்கரெட் கேட்டாள்:

"தெரியாமத்தான் கேக்கறேன் அண்ணே. அந்தா கூவுதே, அது யாரு வூட்டு மருமவ?"