பதினைந்து சதுர மீட்டர் அடக்கம்

“கன்னத்துல என்னப்பா காயம்?” என்று ஸ்டைனர் கேட்டபோது ஆஸ்முண்டின் வாய் நிறைய ரொட்டியும் பழுப்புச் சீஸும் இருந்தன. மென்று விழுங்கும்வரை யோசிக்க நேரம் கிடைத்தது. அந்த நேரத்தில்தான் அவன் கெட்டுப்போனான்.

உண்மை ரொம்பச் சாதாரணம். ஞாயிறு மதியம் சோபாவில் தூங்கியவன் உருண்டு விழுந்து காப்பி மேசையின் முனையில் கன்னத்தை இடித்துக்கொண்டான். விழுந்ததில் அவமானம் ஒன்றுமில்லை. அன்றைக்கு வெயில் அடித்தது, அதுதான் அவமானம். எங்கள் நார்வேயில் கட்டின பெண்டாட்டியை விட்டு ஓடியவனைக்கூட ஒரு வருஷத்தில் மன்னித்துவிடுவார்கள். மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, பனிமேல் வெயில் அடிக்கும்போது வீட்டுக்குள் தூங்கினவனை மன்னிக்க மாட்டார்கள்.

அதிலும் நகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் திங்கள்கிழமைச் சாப்பாட்டு மேசை இருக்கிறதே, அது விசாரணை மன்றம். பிரிவுத் தலைவி குன்வோர், “சும்மா கொஞ்சம் நடந்தேன்” என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள். அதன் பொருள் நாற்பது கிலோமீட்டர் பனிச்சறுக்கு. போன வருஷம் முழங்கால் ஒடிந்த ரான்வெய்க் என்பவள்கூட நாயோடு குன்றேறிவிட்டு வந்திருந்தாள். ஸ்டைனரோ மூன்று சிகரங்களைப் பெயர், உயரத்தோடு ஒப்பித்திருந்தான். ஒப்பித்ததாலேயே அவனை யாரும் நம்பவில்லை.

ஆஸ்முண்டின் கண் சுவர் காலண்டரில் போய் நின்றது. மார்ச் மாதப் படத்தில் எவனோ ஒருவன் பலகைமேல் நின்றபடி பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பனியில் பறந்துகொண்டிருந்தான்.

“பட்டம்,” என்றான் ஆஸ்முண்ட். “பனியில... பலகையில நின்னுக்கிட்டு...”

மேசையில் காப்பிக் கோப்பைகள் அப்படியே நின்றன.

“நீயா?” என்றாள் ரான்வெய்க். “எத்தனை வருஷமா?”

அவனுக்கு உடனே பயம் வந்துவிட்டது. சொன்ன பொய்யைப் பாதியாவது திரும்ப விழுங்கப் பார்த்தான். “ஐயோ, வருஷமெல்லாம் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. முக்கால்வாசி நேரம் விழுந்துதான் கெடப்பேன்.”

அன்றைக்கு அவன் சொன்னதிலேயே உண்மையான வாக்கியம் இதுதான். காரியத்தைக் கெடுத்ததும் இதுதான். ஏனென்றால் எங்கள் ஊரில் “நல்லாத் தெரியும்” என்பவனுக்கு ஒன்றும் தெரியாது. “கொஞ்சம் தெரியும்” என்பவனுக்கு நன்றாகத் தெரியும். “ஒண்ணும் தெரியாது” என்று சொல்பவர் வீட்டு அலமாரியைத் திறந்தால் பதக்கம் உருளும். தபால் நிலையத்துப் பெண் ஒருத்தி “சின்ன வயசுல கொஞ்சம் சறுக்கியிருக்கேன்” என்று இருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பார்த்தால் தேசியக் கோப்பைகளில் உருளைக்கிழங்கு போட்டு வைத்திருக்கிறாள்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். காலிக்குடமும் தளும்பாது. தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

குன்வோர் அவனை ஒரு புது மரியாதையோடு பார்த்தாள். “நம்ம விளையாட்டுச் சங்கத்துக்கு ஒரு செட்டு வாங்கிடலாம். ஈஸ்டர் லீவுக்கு முந்தின சனிக்கிழமை எல்லாரும் ஏரிக்குப் போவோம். பலகை, பட்டம், என்னென்ன வேணுமோ நீயே பாத்து எடுத்துட்டு வந்துடு.”

மறுநாள் காலையில் ஆஸ்முண்ட் அவள் அறைக் கதவைத் தட்டினான். ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த வாக்கியத்தை மூச்சுவிடாமல் சொன்னான்.

“குன்வோர், நான் பட்டம் விட்டதே இல்ல. ஒரு தடவகூட இல்ல.”

குன்வோர் கண்ணாடியைக் கழற்றினாள். அவள் முகம் கனிந்தது. “எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். ஹார்டாங்கர் பீடபூமிய மூணு தடவ குறுக்கக் கடந்துட்டு, ‘வழி தவறிப் போயிட்டேன்’பாரு.”

“இல்லீங்க, நான் நெசமாவே...”

“போதும்ப்பா. இதுக்குமேல அடக்கமா இருந்தா அதுவே தற்பெருமையாயிடும்.”

வெளியே வந்தால் தாழ்வாரத்தில் ரான்வெய்க் நின்றிருந்தாள். இரண்டு வருஷமாக அவளிடம் தண்ணீர் மீட்டரைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேச அவனுக்குத் துணிச்சல் வந்ததில்லை. இப்போது அவளாகவே கிட்டே வந்தாள்.

“முட்டி ஒடஞ்சதுலேருந்து நான் சரியான பயந்தாங்கொள்ளி ஆயிட்டேன், ஆஸ்முண்ட். ஆனா சாமானை நீ எடுத்துத் தர்றேன்னா, மொதல்ல ஏறுறது நான்தான்.”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். “சரி” என்ற சொல்தான் வந்தது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஒரு பெண்ணின் முழங்காலைப் பணயம் வைத்து நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தான்.

ஒரே வழிதான் இருந்தது. விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது காலில் விழுந்து கேட்டு, சரியான சாமானை எடுத்துவிட வேண்டும்.

வியாழன் மதியம் ரயில் நிலையச் சாலையில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனான். கதவு மணி அடித்தது, கல்லாவில் யாருமில்லை. கடைக்குள் வெளியைவிடக் குளிர். பின்பக்கம், பலகைகள் சாய்த்து வைத்திருந்த சுவரோரம், ஒரு தாடிக்காரர் மண்டியிட்டிருந்தார். முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டை, காது மூடிய குல்லாய், கையில் திருப்புளி. அந்தக் குளிரில் கையுறைகூட இல்லை.

இவர்தான் ஆள் என்று ஆஸ்முண்டுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

“உங்ககிட்ட மறைக்க மாட்டேன்,” என்றான். “பனிப்பட்டத்தப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது.”

“எனக்கும் தெரியாது,” என்றார் அவர், திரும்பாமலே.

ஆஸ்முண்டுக்கு உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு பெரிய ஆள்!

“அப்படிச் சொல்லாதீங்க. நீங்க சொல்றதத்தான் எடுக்கப்போறேன். மொதல்ல பட்டம். சின்னதா, பெருசா?”

அவர் திருப்புளியால் குல்லாய்க்குள் சொறிந்துகொண்டார். “என்னைக் கேட்டா? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுப்பா. எனக்கா இருந்தா பெருசாத்தான் எடுப்பேன். சின்னத வாங்கிட்டு அப்புறம் பத்தலன்னு யாரு அலையுறது?”

எவ்வளவு தெளிவு! இருந்ததிலேயே பெரிய பட்டத்தை ஆஸ்முண்ட் இறக்கினான். மஞ்சள் நிறம், பதினைந்து சதுர மீட்டர்.

“பலகை?”

“அந்தப் பச்சை லட்சணமா இருக்கு.”

“பூட்ஸு?”

“ரெண்டு சைஸ் தூக்கி எடு. கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டாத்தான் கால் வெறைக்காது.”

“இடுப்புப் பட்டை?”

“அது எதுக்கு?” என்று கேட்டார் அவர்.

தன்னைச் சோதிக்கிறார் என்று ஆஸ்முண்ட் புரிந்துகொண்டான். காலண்டரை நினைவுக்குக் கொண்டுவந்து, “பட்டத்த வெறும் கையால புடிச்சா கை பிஞ்சிரும். அதான் இடுப்புல மாட்டிக்கிறது,” என்று பாடம் ஒப்பித்தான்.

“அப்ப அதையும் எடுத்துக்க.”

விடையை நம் வாயாலேயே வரவழைக்கிறாரே என்று நெகிழ்ந்துபோனான். “ஹெல்மெட் போடணுமா?”

“நான் போட்டதே இல்லப்பா.”

அது மட்டும் ஆஸ்முண்டுக்குத் தைரியம் வரவில்லை. ஒரு ஹெல்மெட்டையும் எடுத்துக்கொண்டான். “பில் நகராட்சி பேருக்குப் போடணும்.”

“கல்லாப் பக்கம் நான் போறதில்ல. ஒரு சீட்டுல எழுதி வச்சுட்டுப் போ.”

பணத்தைத் தொடாத மனிதர்! எழுதி வைத்துவிட்டு, அந்த வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டான் ஆஸ்முண்ட். அவன் பொய்யன்தான். ஆனால் சாமான் பொய் இல்லையே.

சனிக்கிழமை உறைந்த ஏரிமேல் நல்ல காற்று. பனித்தூள் தரையோடு தரையாக ஓடிக்கொண்டிருந்தது. கரையில் தீ மூட்டித் தொத்திறைச்சி சுட்டார்கள், ஆரஞ்சு உரித்தார்கள். ஏரியின் அந்தக் கோடியில் ஒரே ஒருவர் பனியில் துளைபோட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தார், கரும்புள்ளியாக.

மஞ்சள் பட்டத்தை விரித்ததும் ஸ்டைனர் வாயைப் பிளந்தான். “பதினஞ்சு மீட்டரா? இந்தக் காத்துக்கு அஞ்சே ஜாஸ்தியாச்சே! காத்து கூடக் கூடப் பட்டம் சின்னதாகணும்யா!”

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எடுத்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிருச்சு?” என்றாள் குன்வோர்.

ஆஸ்முண்டுக்கு மட்டும் ஸ்டைனர் சொன்னது உறைத்தது. அதற்குள் ரான்வெய்க் இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டியிருந்தாள். அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

“கழட்டு,” என்றான்.

“ஏன்?”

“எனக்கு இதுல நிக்கவே தெரியாது, ரான்வெய்க். சத்தியமாச் சொல்றேன். ஒண்ணும் தெரியாம எடுத்துட்டேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள். “வித்தை காட்டப் போறான்!” என்றாள் குன்வோர்.

வேறு வழி தெரியவில்லை. பட்டையைப் பிடுங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டான். இரண்டு ஜோடி சாக்ஸ் போட்ட காலைப் பூட்ஸுக்குள் விட்டான். அப்போதும் உள்ளே ஒரு பூனை குட்டி போடும் அளவுக்கு இடமிருந்தது. பலகையில் ஏறினான்.

“காத்து ஒத்துவரலன்னா திரும்பிடு,” என்று குன்வோர் கத்தினாள். “திரும்பி வர்றதுல வெட்கம் ஒண்ணும் இல்ல!”

எங்கள் மலைக் குடில்களில் எல்லாம் சுவரில் எழுதியிருக்கும் வாசகம் அது. திரும்ப வேண்டும் என்று ஆஸ்முண்டுக்கும் ஆசைதான். எப்படித் திரும்புவது என்பதை எந்தச் சுவரிலும் எழுதவில்லை.

பட்டம் எழுந்தது. ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பலகையும் பூட்ஸும் நின்ற இடத்திலேயே நின்றன. ஆஸ்முண்ட் மட்டும் போனான்.

முதல் இருபது மீட்டர் ஓடினான், சாக்ஸோடு. அடுத்த இருபது மீட்டர் உட்கார்ந்து போனான். அதற்குப் பிறகு வயிற்றால் போனான். ஏரி முழுக்க அவன் உடம்பால் ஒரு கோடு விழுந்தது.

“செவப்பு! செவப்ப இழு!” என்று கத்திக்கொண்டே ஸ்டைனர் சறுக்குக் கட்டைகளில் துரத்தினான். பாவம், அவனுக்கு நிஜமாகவே எல்லாம் தெரிந்திருந்தது.

பட்டத்தின் காற்றை இறக்கும் சிவப்புப் பிடியை ஆஸ்முண்ட் கண்டுபிடித்து இழுத்தபோது பட்டம் ஏரியின் அந்தக் கோடிக்கே வந்திருந்தது. இழுத்தவுடன் உயிர் போனதுபோலத் துவண்டு, மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்மேல் போர்வையாக விழுந்தது. வாளி உருண்டது. இரண்டு மீன்கள் பனியில் துள்ளின.

மூச்சிரைக்க எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஆஸ்முண்ட் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து கிடந்தபடியே, வானத்தைப் பார்த்துச் சொன்னான்.

“அடக்கம் இல்ல. பொய். அந்த ஞாயித்துக்கிழம நான் சோபாலேருந்து விழுந்தேன். வெயில் அடிக்கும்போது தூங்கிட்டிருந்தேன். பட்டத்தக் காலண்டர்லதான் பாத்தேன்.”

இந்த முறை நம்பினார்கள். சாக்ஸோடு கிடப்பவனை நம்பாமல் என்ன செய்வது? குன்வோர் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டைனர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை என்று இருந்தது ஆஸ்முண்டுக்கு. பனிக்கட்டி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று நினைத்தான். ஆனால் மார்ச்சில் எங்கள் ஏரியில் பனிக்கட்டி ஒரு மீட்டர் கனம்.

“என்னைய இதுல ஏத்தி விட்டிருப்பியா?” என்று ரான்வெய்க் மெல்லக் கேட்டாள்.

ஆஸ்முண்டின் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் அவன் கால்மேல் தன் சால்வையைப் போட்டாள். “ஏறினது நீதானே,” என்றாள். “சரி, ஒண்ணும் தெரியாதவன் இத்தனையையும் எப்படி எடுத்த?”

“சாமான்ல என் தப்பு எதுவும் இல்ல! பெரிய நிபுணர் ஒருத்தரக் கேட்டுத்தான்...”

அதற்குள் மஞ்சள் துணி அசைந்தது. அதற்கடியிலிருந்து முதலில் ஒரு தூண்டில் வந்தது. பிறகு காது மூடிய குல்லாய், தாடி, கிழிந்த கம்பளிச் சட்டை.

ஆஸ்முண்ட் துள்ளி எழுந்தான். “இவருதான்! கடையில எல்லாத்தையும் இவருதான் எடுத்துக் கொடுத்தாரு! நீங்களே சொல்லுங்க!”

அவர் பனியில் கிடந்த மீன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் போட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“அன்னிக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு! கடைக்காரரு சாப்பிடப் போயிருந்தாரு. நான் ஹீட்டர் ரிப்பேர் பண்ண வந்தவன்.”