பேண்டேஜ் கட்டிய காலிஃபிளவர்

"எங்க அப்பாட்ட எப்பத்தான் பேசுவீங்க?" என்று போன மாதம் பாண்டிசெல்வி விஜயபாண்டியிடம் கேட்டிருந்தாள்.

"நான் குடுத்த காலிஃபிளவர் நாத்து பூ வைக்கட்டும். அவரே என்னை மெச்சுவாரு. அன்னைக்கே உன்னைப் பொண்ணு கேட்டிருதேன்."

பூ வைக்கவில்லை. புழு வைத்தது.

இராஜபாளையத்தில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கும் விஜயபாண்டி, வன்னியம்பட்டியில் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பாத்தியைப் பார்த்துத் திகைத்தான். இலையெல்லாம் சல்லடை.

"புழு வராதுன்னு சொன்னீங்கள்ல?" அவள் அப்பா சங்கையா ரிட்டயர்டு ஏட்டு. திருட்டுக் கேஸ் விசாரிக்கிற குரல்.

"வேப்பெண்ணெய் அடிச்சா ஓடிரும், அண்ணாச்சி." மாமா என்றுதான் சொல்ல நினைத்தான்.

அடித்தான். சாயங்காலம் பாத்தி சுத்தம். காலையில் போன் வந்தது.

"வந்து பாருங்க. முன்னைக்கு ரெட்டிப்பா நெளியுது!"

கடுகுச் செடித் தொட்டிகளைக் கொண்டுவந்து சுற்றிலும் வைத்தான். "அந்துப்பூச்சிக்குக் கடுகுன்னா உசிரு. முட்டையெல்லாம் அதுலதான் போடும்."

ஒரு வாரத்தில் கடுகு தளதளவென்று வளர்ந்தது. அதில் மருந்துக்குக்கூடப் புழு இல்லை. காலிஃபிளவரில்தான் மாநாடு.

"கடுகைக் காவலுக்கு வச்சீங்களாக்கும்?" என்றார் சங்கையா.

அவர் மனைவி இருளம்மாள்தான், "பாவம், வெயில்ல வந்திருக்காக," என்று மோர் கொடுத்தாள்.

கடைசியில் சிநேகிதன் மில்லில் பேண்டேஜ் துணி வாங்கிவந்தான். இருந்த புழுவையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, பாத்தியையே துணியால் மூடி, ஓரமெல்லாம் மண் போட்டு அமுக்கினான்.

"ஏலே, செடிக்கு ஆக்சிடெண்டா?" பின்தெருவில் போனவர் நின்று விசாரித்தார்.

மறுநாள் துணியைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. உள்ளே கொழுகொழுவென்று பச்சைப் புழுக்கள்! ஒரே ராத்திரியில்!

சங்கையா மண்வெட்டியை எடுத்தார். "போதும். அம்புட்டையும் வெட்டி எறியுதேன். நீங்க இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

விஜயபாண்டி பேண்டேஜ் துணியைச் சுருட்டத் தொடங்கினான். ஜன்னலுக்குள் பாண்டிசெல்வியின் கண்கள் நிரம்பிவிட்டன.

"செத்த நேரம் நில்லுங்க!"

இருளம்மாள் மோர்ச் செம்பை ணங்கென்று கீழே வைத்தாள். அவள் குரல் இவ்வளவு உயரும் என்று சங்கையாவுக்கே தெரியாது. மண்வெட்டி அந்தரத்தில் நின்றது.

"பொண்ணைப் பெத்தவ நானா முதல்ல கேக்கக் கூடாதேன்னு, நீங்க திரும்பத் திரும்ப வந்தாவது வாயைத் திறக்கட்டும்னு, தெனமும் பக்கத்துத் தோட்டத்துப் புழுவப் பொறுக்கிட்டு வந்து இதுல விட்டு விட்டு எனக்கு இடுப்பே போச்சு, தம்பி! எம் மகளைக் கட்டிக்கிடுதீகளா, இல்லையா?"