எந்த ஷெல் என்று பஸ்ஸில் கேட்காதே, மச்சான்

ஹந்தானை,
வியாழக்கிழமை.

அன்பும் பண்பும் நிறைந்த மச்சான் கணேசுக்கு,

உன் அக்கா நல்லம்மாவின் வீட்டுக்காரன் சின்னமுத்து எழுதிக்கொள்வது. கொழும்பில் நீயும் நிலூஷாவும் குறையில்லாமல் இருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே அக்காவுக்குச் சுகம். எனக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. போனில் பேசப் பயந்துதான் தபாலில் எழுதுகிறேன்.

போன மாதம் அக்கா பேராதனை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது, சீனி எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று தினமும் குறித்து வைக்கச் சொன்னார் டொக்டர். ஒரு கொப்பியில் எழுதினால் போதும் என்றேன். நீ கேட்டாயா? "மச்சான், இந்தப் பழைய லெப்டொப்புக்கு இதுதான் சரி, மவுஸே வேணாம், கட்டளைய டைப் பண்ணினா போதும்" என்று கறுப்புத் திரையில் ஓடுகிற ஒரு குறிப்பேட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய். குறிப்பின் பெயரில் இரண்டெழுத்து அடித்து டேப் கட்டையை அமுக்கினால் மிச்சத்தை அதுவே எழுதும் என்றாய். எழுதவில்லை. கேட்டால், "ஹோம்ல ஒளிஞ்சிருக்கிற ஒரு ஃபைல்ல ஒரு வரி சேர்க்கணும்" என்று மெசேஜ் வந்தது. ஹோம் என்றால் வீடுதானே என்று அலுமாரியில் கிடந்த ஃபைல்களையெல்லாம் வெளியே போட்டேன். லெப்டொப்புக்குள்ளேயே ஒரு ஹோம் இருக்கிறதென்று நீ விளக்குவதற்குள், கல்யாணச் சேர்டிபிகேட்டைக் காணோம் என்று அக்கா ஏச ஆரம்பித்துவிட்டாள்.

அதுவாவது வீட்டோடு போயிற்று. செவ்வாய்க்கிழமை மருந்து வாங்கக் கண்டிக்குப் போகும்போது, சனம் நிறைந்த பஸ்ஸில் உன் போன் கோல். "மச்சான், நீங்க பாவிக்கிறது எந்த ஷெல்? அதப் பொறுத்துதான் அந்த வரி மாறும்" என்றாய். நாம் அடிக்கிற கட்டளையை வாங்கி வேலை செய்கிற சங்கதிக்கு ஷெல் என்று பெயர், அது எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குத் தெரியுமா? இஞ்சின் சத்தத்தில் நான் கத்தினேன்: "ஷெல்லு வீட்டுலதான் இருக்கு! நீ செட் பண்ணிக் குடுத்ததுதான்! அமுக்கி அமுக்கிப் பாக்குறேன், ஒண்ணும் நடக்கல!" பஸ்ஸே அடங்கிவிட்டது. யுத்தம் பார்த்த இந்த நாட்டில் ஷெல் என்றால் எது வந்து விழும் என்று மூன்று மொழிக்காரருக்கும் தெரியும். முன் சீட்டுக்காரர் திரும்பி, "மொன ஷெல் எக்கத?" என்றார். என்ன ஷெல் என்று சிங்களத்தில் கேட்கிறார். "கம்பியூட்டர் ஷெல்" என்றேன். பக்கத்தில் இருந்த அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். நான் இறங்கி மிச்சத் தூரம் நடந்தே போனேன்.

நேற்றுக் காலை வாசலில் இரண்டு பேர். ஒருவர் பொலிஸ் உடுப்பில், மற்றவர் கையில் ஃபைல். ஃபைல்காரர் ஏதோ சொன்னார், எனக்குக் காது அடைத்துவிட்டது. "வீட்டுக்குப் பின்னால என்ன வச்சிருக்கீங்க?" என்றது மட்டும் கேட்டது. "பின்னால இல்ல சேர், முன்னறையில மேசை மேல இருக்கு, எல்லாத்தையும் காட்டிர்றேன்" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன். அந்தக் கோலுக்குப் பிறகு நீ மெசேஜில் அனுப்பிய வரியை முந்தின நாள் பின்னேரமே சேர்த்திருந்தேன், பயத்தில் அமுக்கிப் பார்க்கவில்லை. இரண்டெழுத்து அடித்து டேப்பை அமுக்கினேன். மச்சான், 'நல்லம்மா' என்று தானாக ஓடி வந்தது! ஒரு நிமிஷம் பயமே மறந்துவிட்டது. பொலிஸ்காரரும் "ஆ!" என்றார். அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு தரம் அமுக்கித் தொலைத்தேன். நல்லம்மா-சீனி, நல்லம்மா-பிரஷர், நல்லம்மா-கோபம் என்று மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

"கோபம்?" என்று ஃபைல்காரர் சத்தமாக வாசித்தார். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா வந்தாள். "அதத் தொறங்க."

திறந்தேன். திங்கள், பேசவில்லை, காரணம் தெரியாது. புதன், உப்பு கேட்டதற்கு ஏச்சு. இப்படி இரண்டு பக்கம். அடியில், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் கலண்டரில் எழுதி வைத்து, பிறகு இதில் ஏற்றினது: 'ஏச ஆளில்லை. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. எவ்வளவு ஏசினாலும் பரவாயில்லை, வந்தால் போதும்.'

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தாள். "சேர், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவர்கள் குடித்தார்கள், பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள், அக்கா கையில் ஒரு கடதாசித் துண்டைக் கொடுத்துவிட்டு என்னிடம் ஒன்றும் கேட்காமல் போனார்கள். கேட்காமல் போனதுதான் மச்சான் எனக்குப் பயம். என்னைக் கூட்டிப் போய்விட்டால் அக்காவுக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பது யார்? ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, குறிப்பேடு, ஷெல், டேப் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிட்டுப் போ.

நிலூஷாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எல்லோரும் நூறு வயது, சீனியில்லாமல், வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நிம்மதியில்லாத மச்சான்
சின்னமுத்து

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகையில்தான் உன் அக்கா அந்தத் துண்டை நீட்டினாள். டெங்குப் பரிசோதனையாம். பின்பக்கம் கிடக்கிற லொறி டயரில் தண்ணீர் நிற்கிறதாம், திங்கட்கிழமைக்குள் அகற்ற வேண்டுமாம். இந்த வரிசையில் எல்லா வீட்டுக்கும் போயிருக்கிறார்கள். "ஒனக்கு மொதல்லயே தெரியுமா?" என்றேன். "வாசல்லயே சொன்னாங்களே." "அப்ப நேத்துல இருந்து ஏன் சொல்லல?" "பயத்துல இன்னும் என்னென்ன காட்டுவீங்கன்னு பாத்தேன்" என்று சிரிக்கிறாள். ஆகவே மச்சான், ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வா. லெப்டொப்பில் கை வைக்காதே. டயர்தான் பாரம், தூக்க ஆள் வேணும்.